குணாவுக்கு யார் மாத்திரை கொடுப்பது?

கொடைக்கானலில் பில்லர் ராக்ஸ் பக்கத்தில் இருக்கும் குணா குகைக்கு வெள்ளைக்காரர் காலத்துப் பெயர் டெவில்ஸ் கிச்சன். 1991 நவம்பர் 5, தீபாவளி அன்று 'குணா' வெளியானது. அன்றைக்கேதான் 'தளபதி'யும். அதற்கப்புறம் அந்தக் குகையின் பழைய பெயரை அனேகமாக யாரும் சொல்வதில்லை. 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தபிறகு கூட்டம் இன்னும் அதிகம். வேரெல்லாம் வெளியே தெரியும் மரங்களுக்கு நடுவில் நின்று, போனை எடுத்து 'கண்மணி அன்போடு' பாட்டைப் போட்டு வீடியோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான விஷயம். மனநோய் உள்ள ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் ஒரு சுற்றுலாத் தலம் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தை நாம் 30 வருஷத்துக்கு மேலாகக் காதலின் உச்சம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் அவனுடைய நோய் என்ன ஆச்சு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. படமும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. நோயோடு வாழும் மனிதர்கள் வரும் நம் காதல் கதைகளில் நோய்க்கு என்ன வேலை கொடுக்கிறோம்? நான் டாக்டர் இல்லை, இலக்கியம் படித்தவனும் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கும் எனக்கும் ஒரு சொந்த சம்பந்தம் உண்டு. அதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

மூன்று டெம்ப்ளேட்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். நாள்பட்ட நோய் என்றால் முழுசாகப் போகாது, உடனே கொல்லவும் செய்யாது. சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, முடக்குவாதம், மனச்சிதைவு எல்லாம் இந்த வகை. இதில் முக்கியமான வேலை வாழ்வதுதான். நாளைக்கும் மாத்திரை, நாளன்னிக்கும் மாத்திரை.

நம் சினிமாக் காதலில் வரும் நோய்கள் பெரும்பாலும் மூன்று டெம்ப்ளேட்டில் அடங்கிவிடும். ஒன்று, தியாகத்துக்காக வரும் நோய். 'பாலும் பழமும்' படத்தில் (1961) மனைவிக்குக் காசநோய். கணவனின் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாகக் கூடாது என்று அவள் விலகிப் போகிறாள். இரண்டு, சாவுக்காக வரும் நோய். 1982-ல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு பெரிய வெற்றிகள், இரண்டிலும் புற்றுநோய். மூன்று, மனசு சம்பந்தப்பட்ட நோய். 'மூன்றாம் பிறை' (1982), 'குணா' (1991), 'சேது' (1999).

முதல் இரண்டில் நோய் ஒரு டைமர் மாதிரி. இடைவேளைக்குப் பக்கத்தில் ஓட ஆரம்பிக்கும், கிளைமாக்ஸில் அடிக்கும். மூன்றாவது வகை கொஞ்சம் சிக்கலானது. மனநோய் ஆளைக் கொல்லாது, அதனால் கதாசிரியருக்கு வேறு வழி தேவைப்படுகிறது. 'மூன்றாம் பிறை'யில் நாயகி குணமாகி அவனையே மறந்துவிடுகிறாள். 'சேது'வில் நாயகி செத்துப் போகிறாள். 'குணா'வில் இரண்டு பேரும் சாகிறார்கள். மூன்றிலுமே நோயோடு இரண்டு பேர் சேர்ந்து குடித்தனம் நடத்தும் நிலைமை வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சூசன் சொன்டாக் 1978-ல் நோயை உருவகமாக்குவதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா காசநோயை மென்மையானவர்களின் நோய், காதலர்களின் நோய் என்று அலங்காரம் பண்ணியது; 20-ஆம் நூற்றாண்டில் அந்த அலங்காரம் பைத்தியத்தின் மேல் ஏறியது என்பது அவர் வாதங்களில் ஒன்று. தமிழ் சினிமாவுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. காசநோய்க்கு மருந்து வந்து அது சாதாரண நோயாகிவிட்டது. அடுத்து புற்றுநோய் வந்தது. அப்புறம் மனநோய்.

மலையும் நோயும்

'குணா'வுக்கு முதலில் வைத்த பெயர் 'மதிகெட்டான் சோலை'. கொடைக்கானலுக்கு மேலே பேரிஜம் பக்கம் இருக்கும் காட்டுக்கு அந்தப் பெயர். கேரளத்தில் இடுக்கி பக்கமும் அதே பெயரில் ஒரு தேசியப் பூங்கா உண்டு. உள்ளே போனால் திசை தெரியாது, புத்தி பேதலித்துவிடும் என்பது ஊர்ப் பேச்சு. சோலைக்காடு எப்போதும் இருட்டாகவும் பனியாகவும் இருக்கும் என்பதால் வழி தவறுவதில் ஆச்சரியம் இல்லை. நம் மொழியில் வழி தவறுவதும் புத்தி தவறுவதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கொடைக்கானல் ஊரே நோய்க்குப் பயந்து உருவானதுதான். மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். மலையில் அந்த நோய்கள் இல்லை என்று 1845-ல் இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். ஊரின் ஆரம்பம் அது. லெவிஞ்ச் 1863-ல் வெட்டிய ஏரியெல்லாம் பிற்பாடு வந்தது. ஐரோப்பாவில் தாவோஸ் மாதிரி இங்கே கொடை. உடம்பு தேறுவதற்காக ஏறிய மலை. நம் சினிமா அதைத் தலைகீழாக்கி, உடம்பு முடியாதவர்களை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டது.

மலை, காதல், நோய் என்ற கூட்டணிக்கு இதைவிடப் பழைய வேர் ஒன்று இருக்கிறது. சங்கப் பாடல்களில் குறிஞ்சித் திணை. பெண் மெலிகிறாள், வளை கழல்கிறது, நிறம் மாறுகிறது. அம்மா பயந்துபோய் வேலனைக் கூப்பிடுகிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, இது முருகன் செய்த வேலை என்கிறான். ஆடு வெட்டி வெறியாட்டு நடக்கிறது. தோழிக்கு மட்டும் உண்மை தெரியும், இவளுக்கு வந்தது காதல் என்று. அகநானூற்றின் 22-ஆம் பாட்டை எழுதியவருக்கு வெறி பாடிய காமக்கண்ணியார் என்றே பெயர். அந்தப் பாட்டில் காதலன் ராத்திரி வந்துபோகிறான், அவளுக்குச் சரியாகிவிடுகிறது, பூசை பலித்தது என்று அம்மா நினைத்துக்கொள்கிறாள். அருமையான நகைச்சுவை.

இதிலிருந்து நமக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நோய் என்று யாராவது சொன்னால், இது நிஜத்தில் வேற ஏதோ ஒன்றின் அறிகுறி என்று படிக்கும் பழக்கம். திருக்குறள் காமத்துப்பாலிலும் நோய் என்ற சொல் திரும்பத் திரும்பக் காதல் துன்பத்தைத்தான் குறிக்கிறது. குறிஞ்சிப் பாட்டில் காதலை நோய் என்று தப்பாகப் படிக்கிறாள் அம்மா. 'குணா'வில் நோயைக் காதல் என்று படிக்கிறோம் நாம். அந்த வேலன் செய்த பிழையைத் திருப்பிப் போட்டு நாம் செய்கிறோம்.

பட்டரின் பௌர்ணமி

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இயக்கம் சந்தான பாரதி, கதை திரைக்கதை சாப் ஜான், வசனம் பாலகுமாரன், கேமரா வேணு, இசை இளையராஜா. குணாவின் அம்மா பாலியல் தொழில் விடுதி நடத்துபவள். அந்த வீட்டின் அருவருப்பிலிருந்து தப்பிக்க அவன் ஒரு உலகத்தைக் கட்டிக்கொள்கிறான். தான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை, அபிராமி என்ற தெய்வப்பெண் வருவாள், பௌர்ணமியில் கல்யாணம் நடக்கும். கோயிலில் பார்க்கும் ரோகிணி என்ற பணக்காரப் பெண்ணை அபிராமி என்று நம்பி, தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறான். அவள் முதலில் எதிர்க்கிறாள், அப்புறம் பரிதாபப்படுகிறாள், கடைசியில் காதலிக்கிறாள். வில்லன் அவளைக் கொல்ல, குணா அவள் உடலோடு பள்ளத்தில் குதிக்கிறான்.

பெயர் சும்மா வைத்ததில்லை. திருக்கடையூர் அபிராமி பட்டர் கதை எல்லோருக்கும் தெரியும். ஊர் அவரைப் பித்தன் என்றது. தை அமாவாசை அன்று சரபோஜி மன்னர் திதி கேட்க, பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். தண்டனைக்கு முன்னால் அந்தாதி பாட, 79-ஆவது பாட்டில் அம்மன் தோட்டைக் கழற்றி வீச, நிலா வந்தது என்பது கதை. படத்திலும் 'பார்த்த விழி' பாட்டில் அந்தாதி வருகிறது.

பட்டர் கதையில் பித்தன் சொன்னதுதான் சரி, ஊர்தான் தப்பு. 'குணா' இந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ரோகிணி கடைசியில் தன்னை அபிராமி என்று ஏற்றுக்கொள்வதுதான் இங்கே நிலா உதிப்பது. அவன் நம்பிக்கை நிரூபணம் ஆகிவிட்டது. நிரூபணம் ஆனபிறகு அதை நோய் என்று எப்படிச் சொல்வது? கிரிஷ் கர்னாட் மாதிரி ஒருவரை டாக்டராகப் போட்டும், அந்த டாக்டருக்கு இந்தக் கதையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது.

மனநல மருத்துவத்தில், தன்னைவிட உயர்ந்த நிலையில் இருக்கும் ஒருவர் தன்னைக் காதலிக்கிறார் என்ற அசைக்க முடியாத நம்பிக்கைக்குத் தனிப் பெயரே இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ 1921-ல் விரிவாக எழுதியதால் அவர் பெயராலும் சொல்வார்கள். ஒரு சினிமாப் பாத்திரத்துக்கு நோய்ப் பெயர் ஒட்டுவது என் நோக்கம் இல்லை. ஆனால் இந்த நம்பிக்கை இருக்கிற ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனால் அவள் காதலிக்க ஆரம்பிப்பாள் என்பது, அந்தப் பெண்ணுக்கும் ஆபத்தான கற்பனை, அந்த நோயாளிக்கும் ஆபத்தான கற்பனை.

படம் தொட்டுவிட்டுப் போன இரண்டு இடங்கள்

இதையெல்லாம் சொன்னதால் 'குணா' மோசமான படம் என்று ஆகாது. அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தபடி அவன் பேசும் அந்த நீண்ட காட்சியில், நோயின் உள்ளே இருந்து உலகம் எப்படித் தெரியும் என்பதைத் தமிழ் சினிமா முதல் தடவையாகக் காட்டியது என்று சொல்லலாம். நடிப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நோயோடு வாழும் காதல் என்று பார்த்தால் இரண்டு இடங்களில் படம் ரொம்பக் கிட்ட வருகிறது.

ஒன்று, 'கண்மணி' பாட்டு. வாலி எழுதி, கமலும் ஜானகியும் பாடியது. அவன் கடிதம் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கொச்சையாக, தடுமாறி அவன் சொல்வதைக் கேட்டு, அவள் அதைக் கவிதையாக்கித் திருப்பிச் சொல்கிறாள். ஒருவன் குழறிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அதில் அர்த்தம் இருக்கிறது என்று காட்டுவது நிஜமான காதல் செயல். மனநோய் உள்ளவர்களுக்கு ரொம்ப அரிதாகக் கிடைப்பதும் இதுதான்: யாராவது முழுசாகக் கேட்பது.

இரண்டு, அவளுக்கு வரும் காய்ச்சல். மலைமேல் அவளுக்கு உடம்பு கொதிக்க, டாக்டரைத் தேடி அவன் இறங்கிப் போகிறான். அதுவரை பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவனாக இருந்தவன் திடீரென்று பார்த்துக்கொள்பவனாக ஆகிறான். அந்தக் காய்ச்சலுக்கு வேறு அர்த்தம் கிடையாது. அது தெய்வமும் இல்லை, விதியும் இல்லை. டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும், அவ்வளவுதான். என் கணக்கில் படத்திலேயே இது மட்டும்தான் நோயாகவே விடப்பட்ட நோய். ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. போலீஸ், துப்பாக்கி, வில்லன் என்று ஓடிவிடுகிறது.

ஒரு மாமாவும் அத்தையும்

சொந்த சம்பந்தம் என்று சொன்னேன் இல்லையா, அது இது. கொடைக்கானல் மலை ஏறும் முன்னால் வரும் வத்தலக்குண்டில் என் தாய்மாமா ஒருவர் இருக்கிறார். கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில், 27 வயசில், அவருக்கு மனச்சிதைவு ஆரம்பித்தது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பார். இப்போது அவருக்கு 68. நோய் போகவில்லை. அத்தையும் போகவில்லை.

'குணா' வந்தபோது எனக்கு 11 வயசு. அந்தத் தீபாவளிக்கப்புறம் தெருவில் பையன்கள் மாமாவைக் கூப்பிட ஒரு புதுப் பெயர் கிடைத்துவிட்டது. அவர் டீக்கடைக்கு நடந்துபோனால் பின்னாலிருந்து யாராவது அந்தப் பாட்டைப் பாடுவார்கள். மாமாவுக்கு அது புரிந்ததா என்று தெரியாது. அத்தைக்கு நன்றாகவே புரிந்தது. அவர் இன்றுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

அத்தையின் காதல் எப்படி இருந்தது என்றால், மாசம் ஒரு தடவை மதுரைக்கு பஸ் ஏறி ஊசி போட்டுவருவது. கை நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை, அதைக் காலையிலேயே கொடுத்துவிடுவது. மாத்திரை உடம்பைப் பெருக்க வைக்கும் என்பதால் ராத்திரி சோற்றைக் குறைப்பது, அதற்கு நடக்கும் சண்டையைத் தாங்குவது. தூக்கம் குறைந்தால் உஷாராவது, ஏன்னா மாமாவுக்கு நோய் கூடப்போகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

இன்னொன்றும் உண்டு, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ரேடியோவில் தன்னைப் பேசுகிறார்கள் என்று மாமா சொன்னால், அத்தை ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் வாதாட மாட்டார். "உங்களுக்குப் பயமா இருக்குங்களா? அமத்திரட்டுமா?" என்று மட்டும் கேட்பார். அமத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். பிற்பாடு மனநோயாளிகளின் குடும்பங்களுக்கான கையேடுகளைப் படித்தபோது, நம்பிக்கையோடு மல்லுக்கட்டாதீர்கள், அதை ஆமோதிக்கவும் செய்யாதீர்கள், அதன் பின்னால் இருக்கும் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. அத்தை எந்தக் கையேடும் படித்தவரில்லை.

இப்போது ரோகிணியைப் பாருங்கள். அவள் காதலிக்கிறாள் என்பதற்குப் படம் வைக்கும் அடையாளம், அவள் அபிராமி ஆகிவிடுகிறாள் என்பது. அதாவது அவனுடைய பிரமைக்குள் இவளும் குடியேறிவிட்டால் அது காதல். அத்தை 40 வருஷமாக அந்தப் பிரமைக்குள் காலடி வைக்கவே இல்லை. வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் வெளியே வரும்போது பக்கத்தில் ஆள் இருக்கணும் என்பதற்காக. இரண்டில் எது கஷ்டமானது, எது காதல் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ரோஸி

'குணா'வில் ரேகா நடித்த ரோஸி என்ற பாத்திரம் ஒன்று உண்டு. அந்த விடுதியில் இருக்கும் பெண். குணாவைச் சின்னப் புத்திக்காரன் என்று தெரிந்தும், அவன் நோய் தெரிந்தும், அவனைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருப்பவள். ஒரு தெய்வத்துக்காகக் காத்திருக்கும் குணாவுக்கு அவள் வேண்டாம். திரைக்கதைக்கும் வேண்டாம். அவனோடு அன்றாடம் வாழத் தயாராக இருந்த ஒரே பெண்ணை விட்டுவிட்டு, அவனை நம்பச் செய்தபின் சாகப்போகும் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறது படம்.

சாஃப்ட்வேர் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். ரிலீஸ் அன்றைக்குக் கேக் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அதற்கப்புறம் பத்து வருஷம் நடக்கும் மெயின்டனன்ஸ் வேலையை யாரும் கொண்டாட மாட்டார்கள். ஆனால் சிஸ்டம் உயிரோடு இருப்பது அதனால்தான். நம் காதல் கதைகள் எல்லாம் ரிலீஸ் கதைகள். ரோஸி மெயின்டனன்ஸ் டீம்.

"இது கதை சார், சுகாதாரத் துறை விளம்பரம் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்வி. குணா மாத்திரை சாப்பிட்டு நல்ல பிள்ளையாக ஆகணும் என்று நான் கேட்கவில்லை. நான் சொல்வது கதையைப் பற்றியே. சாவில் முடித்தால் கஷ்டமான காட்சிகளை எழுதாமல் தப்பித்துவிடலாம். பௌர்ணமிக்கு அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் என்ன பேசியிருப்பார்கள்? அவள் ஒரு நாள் கோபத்தில் நான் அபிராமி இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? கதை அங்கேதான் ஆரம்பிக்கணும்.

ஒப்பிட ஒரு படம் சொல்கிறேன். ஸ்பெயினின் அல்மோதோவார் எடுத்த 'ஆத்தமே', 1990-ல் வந்தது. 'என்னைக் கட்டிப்போடு' என்று அர்த்தம். மனநலக் காப்பகத்திலிருந்து வெளியே வரும் ஒரு இளைஞன் ஒரு நடிகையைக் கடத்தி, அவள் தன்னைக் காதலிக்கும்வரை கட்டிவைக்கிறான். கதை கிட்டத்தட்ட அதேதான், ஒரு வருஷம் முன்னால். கடத்தலைக் காதலாக்கியதற்காக அந்தப் படத்தைத் திட்டியவர்கள் பலர், நியாயமான திட்டுதான். ஆனால் ஒரு வித்தியாசம். கடைசியில் அவர்கள் சாகவில்லை. அவளுடைய அக்காவோடு மூன்று பேரும் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். பாடும்போதே அவள் முகத்தில் அழுகை வருகிறது. இனிமேல் இவனோடு வாழணும் என்பது அந்தக் கார் பயணத்தில் இருக்கிறது. நம் படத்தில் பள்ளம்தான் இருக்கிறது.

நம்மிடம் ஏற்கெனவே இருந்த கதை

இப்படி எழுத முடியாது என்று இல்லை. 1940-களிலேயே புதுமைப்பித்தன் எழுதிவிட்டார். 'செல்லம்மாள்'. சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நிரந்தரமாக உடம்பு சரியில்லாத மனைவி செல்லம்மாள். சம்பளம் பற்றாது. வேலையிலிருந்து திரும்பி வந்து அடுப்பு மூட்டுவது அவர், மனைவிக்குப் பணிவிடை செய்வது அவர். அவள் இறந்துவிட்டாள் என்பதைக் கதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. அதனால் சாவை வைத்து நம்மை அழவைக்கும் வாய்ப்பை ஆசிரியர் தானாகவே விட்டுக்கொடுத்துவிடுகிறார். மிச்சம் இருப்பது கஞ்சி, வெந்நீர், ராத்திரிக் கண்விழிப்பு, கைக்காசு பற்றாத கவலை. காதல் என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஆனால் தமிழில் நான் படித்த காதல் கதைகளில் இதை மிஞ்சியது இல்லை. எழுதியவரும் காசநோயில்தான் போனார், 1948-ல், திருவனந்தபுரத்தில், 42 வயசில்.

இப்போது ஆங்கிலத்தில் சாதாரண ஜனரஞ்சகக் காதல் நாவல்களிலேயே இந்தக் கதவு திறந்திருக்கிறது. தாலியா ஹிபர்ட் 2019-ல் எழுதிய நாவலின் நாயகி குளோயி பிரவுன் வெப்சைட் வடிவமைப்பவள், அவளுக்குத் தீராத தசைவலி நோய், ஃபைப்ரோமயால்ஜியா. நாவல் முடியும்போது அவள் சாகவில்லை, குணமாகவும் இல்லை. சிரிப்பும் சரசமும் கல்யாணக் கனவும் எல்லாம் உண்டு. இன்றைக்கு உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று அவள் கணக்குப் போடுவதும், அந்தக் கணக்கை அவன் கற்றுக்கொள்வதும்தான் அதில் காதல் வளரும் விதம். பெரிய இலக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளிக்கும் காதல் கதையின் சந்தோஷ முடிவில் உரிமை உண்டு என்று அது சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது.

ஏன் இது முக்கியம்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி ஏன் வந்தது என்று கேட்டால் வறுமை, மருத்துவ வசதி இல்லாமை என்று பல காரணங்கள் உண்டு. அதோடு, இவர்களோடு ஒரே வீட்டில் வாழ முடியும் என்ற படமே நம் மனசில் இல்லாததும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மனசில் இருக்கும் படங்கள் இரண்டுதான்: கேலிக்குரிய கீழ்ப்பாக்கம் கேஸ், இல்லை என்றால் பள்ளத்தில் குதிக்கும் காதலன்.

உண்மை அதற்கு நடுவில் இருக்கிறது. சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பில் ஆர். தாராவும் மற்றவர்களும் மனச்சிதைவும் திருமண வாழ்க்கையும் பற்றி வருஷக்கணக்கில் ஆய்வு செய்திருக்கிறார்கள். நோயோடும் குடும்பம் நடத்துபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. அதே ஆய்வாளர்கள் கணவன் விட்டுவிட்டுப் போன பெண்களைப் பற்றித் தனியாகவும் எழுதியிருக்கிறார்கள். நோய் கணவனுக்கு வந்தால் மனைவி கூட இருக்கிறாள். மனைவிக்கு வந்தால் அவளை அப்பா வீட்டில் கொண்டுவந்து விடுவது நம் ஊரில் யாருக்கும் புதுசு இல்லை. பிரமநாயகம் பிள்ளை ஏன் அவ்வளவு அபூர்வமானவர் என்று இதிலிருந்து புரியும். என் அத்தையைப் புகழும்போதும் இந்தக் கணக்கை நான் மறந்துவிடக் கூடாது. மாமாவின் இடத்தில் அத்தை இருந்திருந்தால், எங்கள் குடும்பம் அவரை எங்கே வைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 'குணா'வை ரோஸியின் பக்கமிருந்து எழுதிப் பாருங்கள். அதே மலை, அதே பனி. அவளுக்கு அவன் நோய் தெரியும், தான் அபிராமி இல்லை என்பதும் தெரியும். பௌர்ணமி வரும், போகும். மறுநாள் காலையில் அவர்கள் பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குப் போகணும், ஊசி போட. அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு என்று இரண்டு பேரும் சண்டை போடும் ஒரு காட்சி இருந்தால் போதும், நான் முதல் நாளே புத்தகம் வாங்கிவிடுவேன்.